வயிற்றுவலி நிஜம்தான் சார்!

'வயிற்றுவலி' என்று லீவ் லெட்டர் எழுதாத ஆசாமி உண்டா? ஆனால், பரீட்சையன்று பையனுக்கு வருகிற வலியெல்லாம் டூப் இல்லை. மனசு பயந்தால் வயிறு நிஜமாகவே வலிக்கும்!

அதைக் கண்டுபிடிக்க ஸ்கூலிலேயே ஒரு நர்ஸ் இருந்தால்?

நியூயார்க்கில் கண்நோய், சொறி என்று பிள்ளைகளை வீட்டுக்கு விரட்டிக்கொண்டிருந்த காலம். 1902-ல் லினா ரோஜர்ஸ் என்ற நர்ஸ் வந்தார். பள்ளியிலேயே மருந்து போட்டார். வீடு தேடிப் போய் அம்மாக்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். அந்த செப்டம்பரில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் 10,567. அடுத்த செப்டம்பரில் 1,101!

இப்போது டீன்ஏஜ் பையன் அடிக்கடி தலைவலி என்று வந்து நின்றால், நல்ல ஸ்கூல் நர்ஸ் கேட்பது, "ராத்திரி தூங்கினியா? சாப்பிட்டியா? ஏதாவது கவலையா?"

மாத்திரை அப்புறம். முதலில் காது கொடுக்கிறார். பாதி வலி அங்கேயே போச்சு!