நாற்றம் குறைந்தால் ஆபத்தும் நீங்கிவிடுமா?

தொழிற்சாலைகளுக்கு அருகில் வசிப்போருக்கு நாற்றம் ஓர் எச்சரிக்கை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் சென்னையை அடுத்த எண்ணூரில் அம்மோனியா கசிந்தபோது, அதன் நெடியே மக்களை வீடுகளை விட்டு வெளியேறச் செய்தது. மூச்சுத்திணறலால் பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர்.

எனினும், நாற்றம் இல்லாமை பாதுகாப்பிற்குச் சான்று அன்று. அழுகிய முட்டை நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைடு, செறிவு மிகும்போது முகரும் திறனையே மழுங்கச் செய்யும். கார்பன் மோனாக்சைடுக்கு மணமே இல்லை.

ஆகவே, நாற்றம் வீசிய நேரம், காற்றின் திசை, உடல் அறிகுறிகள் ஆகியவற்றை நாள்தோறும் குறித்துவைத்து, மருத்துவரிடமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமும் தெரிவியுங்கள். ஆஸ்துமா நோயாளிகள் இன்ஹேலரை எப்போதும் உடன் வைத்திருத்தல் வேண்டும். மூச்சுத்திணறல், மயக்கம், நெஞ்சுவலி ஏற்பட்டால், நாற்றம் தணியட்டும் என்று காத்திராமல் உடனே 108-ஐ அழையுங்கள்.