பயப்படாதீங்க, பிரிச்சுப் பாருங்க!



சென்ற மாதம் இங்கிலீஷ் பீரியடில் பாடம் வாசிக்க என்னை எழுப்பினார்கள். மூன்று வரி நன்றாகத்தான் வாசித்தேன். நான்காவது வரியில் 'ரெஸ்பான்சிபிலிட்டி' என்ற வார்த்தை வந்தது. 14 எழுத்து! 'ரெஸ்... ரெஸ்பி...' என்று திணறினேன். பின் பெஞ்சில் ஒரே சிரிப்பு. உட்கார்ந்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதற்கப்புறம் வாசிக்கச் சொன்னாலே, பக்கத்தில் நீளமான வார்த்தை ஏதாவது இருக்கிறதா என்றுதான் என் கண் முதலில் தேடும்.

இந்தப் பயம் எனக்கு மட்டும் இல்லை, உங்களில் பலபேருக்கு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதனால், 'பயத்தைப் போக்கணும்னா பெரிய பேயையே பார்த்துடுவோம்' என்று ஆங்கிலத்தில் உள்ள மிக நீளமான வார்த்தைகளைத் தேட ஆரம்பித்தேன். கிடைத்தவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஒன்றரை அடி வார்த்தை

நீளமான வார்த்தைகளைக் கிண்டல் செய்வது ரொம்பப் பழைய வழக்கம். சுமார் 2000 வருடங்களுக்கு முன்பு ரோம் நாட்டில் வாழ்ந்த ஹோரஸ் என்ற கவிஞர், அவற்றை 'ஒன்றரை அடி நீளச் சொற்கள்' என்று சொன்னார். அதிலிருந்து வந்த ஆங்கிலச் சொல்தான் 'செஸ்குவிபிடேலியன்'. 'செஸ்குவி' என்றால் ஒன்றரை. 'பெட்' என்றால் பாதம். நாம் தினமும் மிதிக்கிற சைக்கிள் பெடலில் இருப்பதும் அதே 'பெட்'தான்!

45 எழுத்து வார்த்தை

மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு வாசியுங்கள்:

நியூமோனோ – அல்ட்ரா – மைக்ராஸ்கோபிக் – சிலிகோ – வால்கேனோ – கோனியோசிஸ்.

ஆங்கிலத்தில் இது ஒரே வார்த்தை. பெரிய ஆங்கில அகராதிகளில் இருக்கிற மிக நீளமான சொல் இதுதான். இது பிறந்த கதைதான் வேடிக்கை. அமெரிக்காவில் 1883-ல் தொடங்கிய தேசியப் புதிரர் சங்கம் என்று ஒன்று உண்டு. சொல் விளையாட்டுப் பிரியர்களின் சங்கம். அதன் தலைவர் எவரெட் ஸ்மித் 1935-ல், 'எல்லாவற்றையும் விட நீளமான வார்த்தை வேண்டும்' என்பதற்காகவே இதை உருவாக்கினார். செய்தித்தாளில் வந்தது. பிறகு அகராதியிலும் ஏறிவிட்டது.

இப்போது பிரிப்போம்.
நியூமோனோ = நுரையீரல்
அல்ட்ரா = மிகவும், அப்பாற்பட்ட
மைக்ராஸ்கோபிக் = கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய
சிலிகோ = மணல், கல்லில் உள்ள சிலிகா
வால்கேனோ = எரிமலை
கோனி = தூசி
ஓசிஸ் = நோய்

சேர்த்தால், 'எரிமலையிலிருந்து வரும் மிக நுண்ணிய சிலிகா தூசியால் நுரையீரலில் வரும் நோய்.' அவ்வளவுதான்!

பெயர் விளையாட்டுக்கு வைத்தது. ஆனால் நோய் விளையாட்டு இல்லை. டாக்டர்கள் இதைச் சுருக்கமாக 'சிலிகோசிஸ்' என்பார்கள். எரிமலைக்குப் பக்கத்தில் இருந்தால்தான் வரும் என்றில்லை. கல் உடைக்கும் இடம், குவாரி, கல் அறுக்கும் பட்டறை ஆகிய இடங்களில் பறக்கிற தூசியை வருடக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரலில் தழும்பு விழுந்துவிடும். அதைப் பழையபடி ஆக்க மருந்து கிடையாது. வராமல் தடுக்கத்தான் முடியும்.

என் மாமா கல் உடைக்கிற கிரஷரில் வேலை பார்க்கிறார். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு போவார். நான் இந்தப் பெயரைச் சொல்லி விளக்கினேன். மாமா சிரித்துவிட்டு, 'பேரே வாயில நுழையல, நோய் எங்க பாப்பா நெஞ்சுல நுழையப் போகுது?' என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பேர்தான் வாயில் நுழையாது, தூசி நுழையுமே! துண்டு போதாது, நுண்ணிய தூசியைத் தடுக்கிற சரியான மாஸ்க் வேண்டும், கல்லைத் தண்ணீர் தெளித்து நனைத்தால் தூசி குறையும் என்று ஒவ்வொரு துண்டாகப் பிரித்து, நோட்டில் எழுதிக் காட்டினேன். அப்புறம் மாமா பேசவில்லை. மேஸ்திரியிடம் கேட்பதாகச் சொல்லியிருக்கிறார்.

29 எழுத்து: துரும்பு!

'ஃப்ளாக்சி – நாசி – நிஹிலி – பிலி – ஃபிகேஷன்'. ஃப்ளாக்சி = கம்பளிப் பிசிறு. நாசி = அற்பப் பொருள். நிஹிலி = ஒன்றுமில்லாதது. பிலி = ஒரு முடி. நான்குமே லத்தீன் மொழியில் 'மதிப்பில்லாதது' என்பதற்குச் சொல்பவை. நான்கையும் சேர்த்துக் கட்டி, 'ஒன்றை மதிப்பே இல்லை என்று ஒதுக்குவது' என்ற பொருளில் ஒரு சொல் செய்துவிட்டார்கள். 1741-லேயே வில்லியம் ஷென்ஸ்டன் என்ற ஆங்கிலக் கவிஞர் ஒரு கடிதத்தில் இதை எழுதியிருக்கிறார். நாம் இதையே 'துரும்பாக மதித்தான்' என்று முடித்துவிடுகிறோம்!

28 எழுத்து

'ஆன்டி – டிஸ் – எஸ்டாப்ளிஷ் – மென்ட் – ஏரியன் – இசம்'. இங்கிலாந்தில் ஒரு திருச்சபைக்கு அரசின் அங்கீகாரம் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் 'அந்த அங்கீகாரத்தை நீக்கு' என்று ஒரு கூட்டம், 'நீக்காதே' என்று ஒரு கூட்டம். நீக்காதே என்றவர்களின் கொள்கைக்குத்தான் இந்தப் பெயர். 'டிஸ்' நீக்குகிறது, 'ஆன்டி' அந்த நீக்கலை எதிர்க்கிறது.

ஷேக்ஸ்பியரும் விடவில்லை

'லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட்' என்ற நாடகத்தில் கோஸ்டர்ட் என்ற பாத்திரம் 27 எழுத்துச் சொல் ஒன்றைச் சொல்கிறது: 'ஹானரிஃபிகாபிலிடூடினிடாடிபஸ்'. இதில் ஒரு அதிசயம். ஆங்கில எழுத்தில் எழுதிப் பார்த்தால் மெய், உயிர், மெய், உயிர் என்று கடைசிவரை மாறி மாறியே வரும்!

தமிழ் ஐயா சொன்னதுதான்!

இத்தனையையும் எழுதி முடித்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. இது நமக்குத் தெரிந்த வேலைதானே! தமிழ் இலக்கணத்தில் பகுபத உறுப்புகள் ஆறு படிக்கிறோம்: பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம். 'வந்தனன்' என்ற சின்னச் சொல்லையே வா + த்(ந்) + த் + அன் + அன் என்று ஐந்தாகப் பிரிக்கிறோம். அதைச் செய்கிற நமக்கு ஆங்கில வார்த்தையைப் பிரிக்கத் தெரியாதா?

1. முதலில் தலையைப் பாருங்கள்: அன், ரீ, டிஸ், ஆன்டி, இன்டர்.
2. பிறகு வாலைப் பாருங்கள்: நெஸ், மென்ட், ஏபிள், இட்டி, ஷன்.
3. நடுவில் மிஞ்சுவது பெரும்பாலும் நமக்குத் தெரிந்த சின்னச் சொல்லாகத்தான் இருக்கும்.

என்னை அழவைத்த 'ரெஸ்பான்சிபிலிட்டி'யைப் பாருங்கள். உள்ளே இருப்பது 'ரெஸ்பான்ஸ்', அதாவது பதில். பதில் சொல்ல வேண்டியவராக இருப்பதுதான் பொறுப்பு! பொருள் தெரிந்ததும் உச்சரிப்பும் தானாக வந்துவிட்டது.

ஸ்கிராபிள் விளையாடுகிறவர்களுக்கும் இதே வழிதான். அந்தப் பலகையில் ஒரு வரிசைக்கு 15 கட்டம்தான். 45 எழுத்து வார்த்தை தெரிந்திருந்தாலும் வைக்க இடமில்லை! கையில் இருப்பதோ 7 எழுத்து. தலையும் வாலும் தெரிந்தவர்கள் ஏழையும் ஒரே நேரத்தில் வைத்து 50 மதிப்பெண் கூடுதலாக வாங்கிவிடுவார்கள்.

மூளைக்கு வேலை

1. ஒரே எழுத்து இரண்டிரண்டாக, அடுத்தடுத்து மூன்று முறை வரும் சொல் எது? (குறிப்பு: கணக்கு எழுதுபவர்)
2. கீபோர்டின் மேல்வரிசை எழுத்துகளை மட்டும் வைத்து அடிக்கக்கூடிய 10 எழுத்துச் சொல், ஒரு இயந்திரத்தின் பெயர். எது?
3. ஐந்து உயிரெழுத்தும் ஒவ்வொரு முறை மட்டும் வரும் சொல். நாம் இங்கே வருவதே அதற்குத்தான்!
4. முதல் எழுத்துக்கும் கடைசி எழுத்துக்கும் நடுவே ஒரு மைல் தூரம் உள்ள சொல் எது?

நண்பர்களே, யாராவது வாசிக்கும்போது திணறினால் சிரிக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து பிரித்துக் காட்டுங்கள். அடுத்த வாரம் நான் மறுபடியும் வாசிக்கப் போகிறேன். இந்த முறை நானே கை தூக்கிக் கேட்டிருக்கிறேன்!

(விடைகள்: 1. புக்கீப்பர் – ஓ ஓ, கே கே, ஈ ஈ. 2. டைப்ரைட்டர். 3. எஜுகேஷன். 4. ஸ்மைல்ஸ் – இரண்டு 'எஸ்'ஸுக்கு நடுவில் 'மைல்'!)

– 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி