நினைவுப் பணம் சம்பளத்துக்குப் போகட்டும்

இங்கிலாந்தில் வெளியாகும் மரண அறிவிப்புகளின் அடியில் ஒரு வேண்டுகோளை அடிக்கடி பார்க்கலாம். மலர் வைப்பது குடும்பத்தாரோடு நிற்கட்டும், மற்றவர்கள் அந்தப் பணத்தை இன்ன ஹாஸ்பிஸுக்கு அனுப்பிவிடுங்கள் என்பதுதான் அது. இனிக் குணமாகாது என்று தெரிந்துவிட்ட நோயாளியின் வலியையும் மூச்சுத்திணறலையும் தணித்து, கடைசிக் காலத்தில் அவரையும் அவர் வீட்டாரையும் பார்த்துக்கொள்ளும் அமைப்புக்கு ஹாஸ்பிஸ் என்று பெயர். படுக்கைகள் உள்ள கட்டடம் அதில் ஒரு பகுதிதான். வேலையில் பெரும்பங்கு நோயாளிகளின் வீடுகளில் நடக்கிறது. அங்கே இதற்குக் கட்டணம் கிடையாது. பெரியவர்களுக்கான ஹாஸ்பிஸ்களின் செலவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத்தான் அரசு தருகிறது. மிச்சத்தை ஊர் மக்கள் தருகிறார்கள்: பழைய துணியும் புத்தகமும் விற்கும் தர்மக் கடைகள், உயில்கள், இறந்துபோன அம்மாவின் படம் போட்ட பனியனோடு ஓடும் மாரத்தான்கள். துக்கத்தைக் காசாக்குகிறார்கள் என்று இதைப் பார்த்து முகம் சுளிக்கத் தேவையில்லை. ஆனால் அந்தக் காசு எந்த நிபந்தனையோடு வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். நினைவுக்காகக் கொடுப்பவர்கள் கட்டிலையும் கட்டடத்தையும் விட்டுவிட்டு, நர்ஸின் சம்பளத்துக்குக் கொடுப்பதே மேல் என்பது என் கட்சி.

நவீன ஹாஸ்பிஸின் கதையே ஒரு நினைவுப் பணத்தில்தான் தொடங்குகிறது. வார்சாவிலிருந்து வந்து லண்டனில் ஹோட்டல் பணியாளராக இருந்த டேவிட் தாஸ்மா என்ற யூத அகதி, 1948இல் புற்றுநோயால் இறந்தார். உறவென்று சொல்லிக்கொள்ள அங்கே யாருமில்லை. ஆஸ்பத்திரியில் சமூகப் பணியாளராக இருந்த சிசிலி சாண்டர்ஸ் அவரைத் தொடர்ந்து போய்ப் பார்த்து வந்தார். இப்படிப்பட்ட நோயாளிகளுக்கென்று ஓர் இல்லம் வேண்டும் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். அந்த இல்லத்தில் தானொரு ஜன்னலாக இருக்கவேண்டும் என்று சொல்லி, 500 பவுண்டை சாண்டர்ஸுக்கு எழுதிவைத்தார் தாஸ்மா. அந்த இல்லமான செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸ் திறந்தது 1967இல். ஜன்னலைச் சுற்றி வீடு எழும்ப 19 ஆண்டுகள் ஆயின. அதற்குள் சாண்டர்ஸ் மருத்துவம் படித்து டாக்டரானார், மார்ஃபினை வலி வந்தபிறகு கொடுக்காமல் வலி வருவதற்கு முன்பே நேரம் தவறாமல் கொடுக்கும் முறையை ஆராய்ந்து நிலைநாட்டினார். உலகெங்கும் பரவியது அந்த முறைதான். ஜன்னலை மட்டும் நினைவில் வைத்திருப்பவர்கள் கதையின் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

ஹாஸ்பிஸ் செலவின் பெரும்பகுதி ஆட்களுக்கான செலவு. ராத்திரி இரண்டு மணிக்கு வலி மிஞ்சி வீட்டார் போன் செய்தால், எடுக்க ஒருவர் விழித்திருக்க வேண்டும். புறப்பட்டுப் போக இன்னொருவர் வேண்டும். இந்த வேலைக்கு நல்ல இயந்திரம் எதுவும் மாற்றாகாது. ஆனால் கொடுப்பவர்களுக்குக் கண்ணால் காணக்கூடிய பொருள்மேல்தான் ஆசை. அரசாங்கத்துக்கும் அதே ஆசை இருப்பதுதான் வேடிக்கை. 2024 டிசம்பரில் பிரிட்டிஷ் அரசு இங்கிலாந்தின் ஹாஸ்பிஸ்களுக்கு 10 கோடி பவுண்டு அறிவித்தது. பெரிய தொகை; ஆனால் கட்டடத்துக்கும் கருவிக்கும்தான். அடுத்த ஏப்ரலில், ஊழியர்களுக்காக முதலாளிகள் கட்டும் தேசியக் காப்பீட்டு வரி 13.8 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாக உயர்ந்தது, ஹாஸ்பிஸ்களுக்கும் விலக்கில்லை. சுவருக்கு வெள்ளையடிக்கப் பணம் வந்தது, சம்பளச் செலவோ கூடிவிட்டது. அரசே சுவரைப் பார்த்துக் கொடுக்கும்போது, சுவருக்குள் நிற்கும் ஆளைப் பார்த்துக் கொடுக்க மிச்சமிருப்பது பொதுமக்கள்தான்.

பிரிந்தவரின் பெயர் எங்காவது இருக்கவேண்டாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. வெளிச்சம் பாதியும் எழுத்து பாதியுமாக எரிகிற நம் கோயில் டியூப்லைட் உபயங்களைக் கிண்டல் செய்வது சுலபம். பெயர் எழுதச் சொன்னவரின் மனதில் இருந்தது பெருமை மட்டும்தானா என்று யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. பிரிட்டிஷ் ஹாஸ்பிஸ்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றன. கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் பல ஊர்களில் ஹாஸ்பிஸ் வாசலில் ஒரு பொது மரத்தில் விளக்கேற்றுகிறார்கள். யார் யார் நினைவாக என்பது ஒரு புத்தகத்தில் எழுதப்படுகிறது. பணமோ எந்தப் பொருளோடும் முடிச்சுப் போடப்படாமல் பொதுக்கணக்கில் சேர்கிறது. சடங்கும் உண்டு, பெயரும் உண்டு, பெயர் பொறித்த, யாருக்கும் வேண்டாத நாற்காலி ஒன்று தோட்டத்தில் கூடுவதில்லை.

நிபந்தனை இல்லாத பணம் நிர்வாகச் செலவில் கரைந்துவிடுமே என்ற பயம் அடுத்தது. நம் ஊர் அறக்கட்டளைகள் சிலவற்றைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பயம் வராவிட்டால்தான் ஆச்சரியம். ஆனால் கட்டில் வாங்கிய ரசீதைக் காட்டுவதாலேயே ஓர் அமைப்பு யோக்கியமானது என்று ஆகிவிடாது. அந்தக் கட்டிலில் யாராவது படுத்திருக்கிறார்களா, அவர்களுக்கு மார்ஃபின் கிடைக்கிறதா, ராத்திரிப் பணியில் எத்தனை பேர் என்று ரசீது சொல்லாது. தணிக்கை செய்த ஆண்டுக் கணக்கைக் கேட்டு வாங்கிப் பார்த்து, இந்தக் கேள்விகளை நேரில் கேட்பதே பாதுகாப்பு. பதில் சொல்லத் தயங்கும் இடத்துக்குக் கட்டிலும் வாங்கித் தர வேண்டாம்.

எல்லாவற்றிலும் கனமான ஆட்சேபம், இது அரசின் வேலை, மக்கள் கொடுக்கக் கொடுக்க அரசு நழுவிக்கொள்ளும் என்பது. பிரிட்டனைப் பார்த்தால் இதை மறுப்பது கடினம். அதோடு, நினைவுப் பணம் நன்றியிலிருந்து வருவது. ஹாஸ்பிஸே இல்லாத ஊரில் நன்றி சொல்லக் குடும்பங்களும் இருக்காது. எனவே இருக்கும் இடத்துக்கே மேலும் சேரும், இல்லாத இடம் இல்லாமலே கிடக்கும். இதை நன்கொடையால் மட்டும் சரிசெய்ய முடியாது என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மக்கள் பணம் எப்போதும் அரசை விலக்கித்தான் தீரும் என்பதில்லை. கேரளம் அதற்குச் சாட்சி. 1993இல் கோழிக்கோட்டில் டாக்டர் எம். ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் நண்பர்களோடு ஒரு வலி நிவாரண சங்கத்தைத் தொடங்கினார்கள். செயின்ட் கிறிஸ்டோபர்ஸில் சாண்டர்ஸின் கீழ் ஆராய்ச்சி செய்த ராபர்ட் ட்வைகிராஸ் அதன் ஆரம்ப நாட்களில் துணைநின்றவர்களில் ஒருவர். பிறகு அந்தப் பணி ஊர் ஊராகப் பிரிந்து, அந்தந்த ஊரின் தன்னார்வலர்களாலும் சில்லறைக் காசாலும் நடந்தது. வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் முறை கண்ணெதிரே நடப்பதைப் பார்த்த பிறகே, 2008இல் மாநில அரசு இதற்கென்று தனிக் கொள்கை வகுத்தது. பஞ்சாயத்துகள் நர்ஸ்களை நியமித்தன. ஊர்க் காசு அதோடு நின்றுவிடவும் இல்லை. நோயாளி வீட்டுக்கு அரிசி, பிள்ளைகளின் பள்ளிச் செலவு என்று அரசு கணக்கில் இடமில்லாத தேவைகளுக்குப் போகிறது. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் வீட்டிலேயே தரப்படும் வலி நிவாரண, ஆதரவு சிகிச்சை உண்டு. அதற்குத் துணையாக, நினைவு நாளுக்கு அன்னதானத்துக்கென்று எடுத்து வைக்கும் தொகையில் ஒரு பங்கை, உள்ளூரில் இந்த வேலையைச் செய்யும் நம்பகமான அமைப்பு ஒன்றுக்கு மாதாமாதம் சிறிதாகக் கொடுக்கலாம். வருஷத்துக்கு ஒருமுறை வரும் பெருந்தொகையை நம்பி எந்த அமைப்பும் ஒரு நர்ஸை வேலைக்கு எடுக்காது. மாதம் தவறாமல் வருவதை நம்பி எடுக்கும்.