பண்பேற்ற ஒலிச் சில்லும் தமிழ்த் திரையிசையின் ‘கணினி இசை’யும்

முன்னுரை

கே. பாலசந்தர் இயக்கத்தில் 1986ஆம் ஆண்டு வெளிவந்த ‘புன்னகை மன்னன்’ திரைப்படத்திற்கு இளையராஜா அமைத்த இசை, தமிழ்த் திரையில் ‘கணினி இசை’யின் தொடக்கமாகச் சுட்டப்பெறுகிறது. அதில் யமஹா சி.எக்ஸ். 5 எம் என்னும் இசைக்கணினி பயன்பட்டது. எனினும், ‘கணினி இசை’ என்னும் பொதுச்சொல் ஒலியை உருவாக்குதல், சுரங்களை வரிசைப்படுத்துதல் ஆகிய இருவேறு செயல்களை ஒன்றாகக் காட்டிவிடுகிறது. அக்கணினியின் ஒலிச் சில்லு இயங்கும் முறையை விளக்கி, இவ்வேறுபாட்டைத் தெளிவுபடுத்துவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பண்பேற்றமும் ஒலிநிறமும்

அதிர்வெண் பண்பேற்றத்தால் இசையொலியை ஆக்கும் முறையை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் 1967இல் கண்டறிந்து, 1973இல் கட்டுரையாக வெளியிட்டார். அதன் உரிமத்தைப் பெற்ற யமஹா நிறுவனம் 1983இல் டி.எக்ஸ். 7 விசைப்பலகையைச் சந்தைப்படுத்தியது.

இம்முறையில் ஓர் அலை மற்றோர் அலையின் அதிர்வெண்ணை விரைவாக மாற்றுகிறது. ஊர்தி அலையும் பண்பேற்றும் அலையும் 200 ஹெர்ட்ஸ் எனக் கொண்டால் 400, 600, 800 என 200இன் முழு மடங்குகள் தோன்றும். செவிக்குத் தெளிவான சுரம் கிட்டும். பண்பேற்றும் அலையை 280 ஹெர்ட்ஸாக மாற்றினால் 80, 360, 480, 760 போன்றவை தோன்றும். இவை 200இன் முழு மடங்குகள் அல்ல. ஆதலின் மணியோசை பிறக்கிறது. பண்பேற்றத்தின் அளவு குறையக் குறைய ஒலியின் பொலிவும் மங்கும்.

தோற்கருவிகளிலும் இவ்வேறுபாடு உண்டு. சாதாரணத் தோற்பரப்பின் மேற்சுரங்கள் முழு மடங்குகளாக அமைவதில்லை. மிருதங்கத்தின் கரணை அவற்றை முழு மடங்குகளாக நெறிப்படுத்துகிறது என்பதை சி.வி. இராமன் 1920இல் வெளியான ஆய்வில் சுட்டினார்.

சில்லும் கட்டளையும்

சி.எக்ஸ். 5 எம் கணினியின் ஒலிப்பகுதியில் ஒய்.எம். 2151 என்னும் சில்லு அமைந்திருந்தது. அது ஒரே நேரத்தில் 8 குரல்களை ஒலிக்கவல்லது. ஒவ்வொரு குரலுக்கும் 4 அலையாக்கிகள் உண்டு. அவற்றை 8 வகைகளில் இணைக்கலாம். சில்லு எந்த ஒலிப்பதிவையும் சேமித்து வைப்பதில்லை. செயலி அதன் பதிவகங்களில் எழுதும் எண்களே ஒலியாகின்றன. அடாரியின் ‘மார்பிள் மேட்னஸ்’ (1984), சேகாவின் ‘அவுட் ரன்’ (1986) ஆகிய விளையாட்டு எந்திரங்களிலும் இதே சில்லு இருந்தது. அவற்றின் நினைவகத்தில் இசை எண்கட்டளைகளாக எஞ்சியிருப்பதால், சில்லைப் போன்று செயற்படும் மென்பொருளால் அதை மீண்டும் ஒலிக்கச் செய்ய முடிகிறது. திரைப்படத்தின் வழி நம்மை வந்தடைவதோ, மனிதக் குரலும் பிற கருவிகளும் கலந்த ஒலிப்பதிவு மட்டுமே.

முடிவுரை

ஆகவே 1980களின் திரையிசையை ஆராய்வோர் ஒலியாக்கம், வரிசையாக்கம், பதிவுசெய்த ஒலியை மீட்டொலித்தல் ஆகிய மூன்றையும் தனித்தனியே பிரித்து விவரித்தல் வேண்டும். சில்லு ஒலிநிறத்தைத் தந்தது. எந்தச் சுரம் எப்போது ஒலிக்கவேண்டும் என்பதை இசையமைப்பாளரே வகுத்தார். இவ்விரண்டையும் பிரித்தறியாவிடின், மனித உழைப்பு எந்திரத்தின் கணக்கிலும் எந்திரத்தின் பங்கு மனிதரின் கணக்கிலும் மாறிப் பதிவாகிவிடும்.