அரையாண்டு விடுமுறையில் சேர்வராயன் மலை

சேர்வராயன் மலையில் இருக்கும் ஏற்காடு என்றதும் பலருக்கும் மே மாதக் கோடை விழாதான் நினைவுக்கு வரும். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு நான் சொல்வது மார்கழியும் தையும். அரையாண்டு விடுமுறையும் பொங்கல் விடுமுறையும் அப்போதுதான் வருகின்றன. அதைவிட முக்கியம், காபிப் பழம் பறிக்கும் காலம் அது. மலை மும்முரமாக வேலை செய்வதைக் கண்ணால் பார்க்கலாம்.

முதலில் குளிர். கடல் மட்டத்திலிருந்து சேலம் சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 6 டிகிரி குறையும். அதாவது 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடப்பதற்குள் 7 டிகிரிக்கு மேல் இறங்கிவிடுகிறது. அடிவாரத்தில் வியர்த்த குழந்தை மேலே போய் நடுங்குவது இதனால்தான். ஸ்வெட்டரைப் பெட்டியின் அடியில் போடாமல் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருங்கள்.

ஈரக்காற்று சரிவில் மோதி மேலேறிக் குளிரும்போது மூட்டம் கட்டுகிறது. அப்போது வண்டி போவது மேகத்துக்கு உள்ளேதான். ஹை பீம் போட்டால் வெளிச்சம் நீர்த்துளிகளில் பட்டு ஓட்டுநர் கண்ணிலேயே திருப்பி அடிக்கும்; லோ பீம்தான் சரி. ஏறி வரும் வண்டிக்கு வழிவிட வேண்டும். இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல் சின்ன கியரில் வர வேண்டும்.

இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தவர் 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த எம்.டி. காக்பர்ன். இன்றும் சில்வர் ஓக் நிழலில் காபிச் செடி, அதே மரத்தில் ஏறும் மிளகுக் கொடி என்றுதான் தோட்டங்கள் இருக்கின்றன. ஒரே கிளையில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று காய்கள் கலந்திருக்கும். சிவந்ததை மட்டும் கையால் பறிப்பதால் ஒரே செடிக்குப் பலமுறை வர வேண்டியிருக்கிறது. தோட்டக்காரரிடம் கேட்டுக்கொண்டு ஒரு பழத்தைப் பிள்ளையிடம் பிதுக்கிப் பார்க்கக் கொடுங்கள். வழுவழுவென்று இரண்டு கொட்டைகள் வரும். மேலே ஒட்டியிருக்கும் சதை இனிக்கும். தோலை உரித்து, அந்த வழுவழுப்புப் போகும்வரை ஊறவிட்டு, கழுவிக் களத்தில் காயப்போடுவார்கள். வறுக்கும்வரை காபி மணமே வராது என்பதைச் சொன்னால் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். களத்தில் ஒரு கைப்பிடி அள்ளி முகர்ந்து பார்த்துத்தான் நம்புவார்கள்.

ஏரியும் படகும் பார்த்ததோடு திரும்பிவிடுகிறவர்கள் அதிகம். உச்சியில் குகைக்குள் இருக்கும் சேர்வராயன் கோயிலுக்கும், அண்ணாமலையார் கோயில் இருக்கும் தலைச்சோலைப் பக்கமும் போய் வர வேண்டும். இது மலையாளி பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் மலை. அங்கே நாம் விருந்தாளிகள், சத்தத்தைக் குறைத்துக்கொண்டு போவது மரியாதை. லேடீஸ் சீட் காட்சிமுனைக்கு மாலை ஐந்தரை மணிக்குள் போய்விடுங்கள். மார்கழியில் ஆறு மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். இருட்டியதும் கீழே சேலம் முழுக்க விளக்கு.

இப்போது பிறந்தநாளை மலையில் கொண்டாடும் குடும்பங்கள் பெருகியிருக்கின்றன. நல்ல வழக்கம், தாத்தா பாட்டியையும் அழைத்து வாருங்கள். ஆனால் கேக்கைத் தங்கும் விடுதியில் வெட்டுங்கள். வளைவுகளில் வண்டியை நிறுத்தி மிச்சக் கேக்கைக் குரங்குகளுக்குப் போடுவதால் அவை காட்டில் இரை தேடுவதை விட்டுச் சாலைக்கே வந்து, வண்டியில் அடிபடுகின்றன. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் தட்டு, டம்ளர்களுக்குத் தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. ஏரி நிரம்பி வழியும் தண்ணீர்தான் கிளியூர் அருவியாக விழுகிறது. கரையில் விட்டுப்போகும் பலூனும் ஜிகினாத் தாளும் அந்த வழியாகவே கீழே போகும். வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு போனால் அருவியில் நல்ல தண்ணீர் இருக்கும். மே மாதத்தில் பல நாள் பாறைதான் தெரியும். இறங்கி ஏற வேண்டிய பாதை செங்குத்து, முட்டிவலி இருக்கும் பெரியவர்களை மேலேயே உட்காரவைத்துவிட்டுப் போங்கள்.