ஏடு பிரித்தவர்களும் திரை தள்ளுபவர்களும்

1880 அக்டோபர். கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியார், கல்லூரித் தமிழாசிரியராக இருந்த 25 வயது உ.வே.சாமிநாதையரிடம் என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று விசாரித்தார். அந்தாதி, கலம்பகம், கோவை, உலா, பிள்ளைத்தமிழ் என்று ஐயர் அடுக்கிக்கொண்டே போனார். முதலியார் அசரவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்று திருப்பிக் கேட்டார். படித்ததில்லை. ஏடே கண்ணில் பட்டதில்லை.

அந்தக் கேள்விக்கு ஐயர் சொன்ன பதில் 1887-ல் அச்சில் வந்த சீவக சிந்தாமணிப் பதிப்பு. நடுவில் ஏழு ஆண்டுகள். நச்சினார்க்கினியர் உரையை வரிவரியாக ஊன்றிப் படித்தார். சமண மதச் செய்திகள் பிடிபடாத இடங்களில் ஊரிலிருந்த சமணர் வீடுகளுக்கே போய்க் கேட்டுத் தெளிந்தார். உரைகாரர் நூலின் பெயர் சொல்லாமல் எடுத்தாண்ட வரிகள் எங்கிருந்து வந்தவை என்று துருவியபோதுதான் பத்துப்பாட்டு அவருக்குப் பிடிபட்டது. அது 1889-ல் வந்தது. சிலப்பதிகாரம் 1892-ல், புறநானூறு 1894-ல். தெரியாத வரியைத் தாண்டிப் போகாத பழக்கம் ஒரு மனிதரின் ஆயுட்கால வேலையையே தீர்மானித்தது.

அடுத்த தலைமுறை ஆங்கிலம் வழியாக வெளியுலகத்தைப் படித்தது. மணிக்கொடி இதழ் 1933-ல் தொடங்கியபோது அதில் எழுதியவர்கள் ஐரோப்பியச் சிறுகதைகளில் ஊறியவர்கள். புதுமைப்பித்தன் உலகக் கதைகளைக் கொத்துக்கொத்தாக மொழிபெயர்த்தார். க.நா.சு.வோ படிப்பதையே தொழிலாக வைத்துக்கொண்டவர். கனுட் ஹாம்சனின் ‘நிலவளம்’, செல்மா லாகர்லெவின் ‘மதகுரு’, பேர் லாகர்குவிஸ்டின் ‘அன்பு வழி’ ஆகிய ஸ்காண்டிநேவிய நாவல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். மொழிபெயர்ப்பு என்பது மிக மெதுவான வாசிப்பு. ஒரு சொல்லையும் விழுங்க முடியாது. ஒரே நாளை வைத்து ஒரு நாவல் எழுதலாம் என்ற துணிச்சல் அவருக்கு அப்படிப்பட்ட வாசிப்பில்தான் வந்திருக்கும்.

காதால் படித்தவர்களும் உண்டு. இடைசெவலில் பிறந்த கி.ராஜநாராயணன் பள்ளிக்கூடத்தை அதிகம் நாடாதவர். ஊர்ப் பெரியவர்களின் பேச்சும், கம்பன் பாட்டை வாய்விட்டுச் சொல்லி ரசிக்கவைத்த ரசிகமணி டி.கே.சி.யின் தொடர்பும், சங்கீதமும் அவருக்குப் பாடமாயின. முப்பது வயதைத் தாண்டித்தான் கதை எழுதவே வந்தார். ‘கோபல்ல கிராமம்’ திண்ணையில் உட்கார்ந்து கேட்கும் கதையாக ஒலிப்பதில் என்ன ஆச்சரியம்? ஜெயகாந்தனும் பள்ளியைப் பாதியில் விட்டவர். சென்னையில் கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகத்தில் தோழர்களின் வாதப் பிரதிவாதங்களுக்கு நடுவே வளர்ந்தார். அவர் பாத்திரங்கள் ஓயாமல் வாதாடுவதற்கும், முன்னுரைகளே தனி வழக்குரைகளாக நீள்வதற்கும் வேர் அங்கே இருக்கிறது.

பிறகு வந்தவர்களுக்குக் கிளை நூலகம், மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடை, வார இதழிலிருந்து கிழித்துத் தைத்த தொடர்கதை பைண்டிங் ஆகியவைதாம் கதி. மாஸ்கோவில் அச்சாகி நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வழியாக மலிவு விலையில் வந்த ருஷ்ய நாவல்கள் சிற்றூர்வரை போய்ச் சேர்ந்தன. 1991-ல் சோவியத் ஒன்றியம் கலைந்ததோடு அந்த வரத்து நின்றது. கையில் இருப்பது நாலே புத்தகம் என்றால் அதையே திரும்பத் திரும்பப் படிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அந்தக் காலத்தை மெச்சிக்கொண்டே இருக்கவும் கூடாது. ஏடுகள் மடங்களிலும் சில வீட்டுப் பெட்டிகளிலும் அடைபட்டுக் கிடந்தன. யார் கைக்கு அவை போகலாம் என்பதைச் சாதி தீர்மானித்தது. பெண்களுக்குப் படிப்பே மறுக்கப்பட்டது. வை.மு.கோதைநாயகி சரளமாக எழுதப் பழகாத காலத்தில் தன் முதல் படைப்பைச் சொல்லச் சொல்லத் தோழிதான் எழுதினார். வெகுகாலம் கழித்தும், துவரங்குறிச்சியில் கவிஞர் சல்மாவின் பள்ளிப் படிப்பு பூப்பெய்தியதோடு நிறுத்தப்பட்டது.

இன்று அந்தப் பெட்டிகள் திறந்துவிட்டன. 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை இணையத்தில் காசில்லாமல் யாருக்கும் தருகிறது. சென்னை கோட்டூர்புரத்தில் 2010-லும் மதுரையில் 2023-லும் மாபெரும் நூலகங்கள் எழுந்தன. சரித்திர நாவல் எழுதுகிறவர் நூறாண்டுக்கு முந்தைய மாவட்ட கெஜட்டியரைச் செல்போனிலேயே புரட்டலாம். மார்க்கேஸைத் தமிழிலேயே படித்துவிட்டு எழுத வருகிறார்கள் இளைஞர்கள். ஐயர் ஊர் ஊராக அலைந்து தேடிய வரி, தேடுபொறியில் தட்டினால் கண்சிமிட்டும் நேரத்தில் வந்து நிற்கிறது.

வரி வந்துவிடுகிறது, அதன் முன்னும் பின்னும் வருவதில்லை. வாசிப்பு துண்டுதுண்டானதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று உண்டு. படித்ததற்கும் எழுதுவதற்கும் நடுவில் இருந்த காலம் காணாமல்போய்விட்டது. காலையில் பிடிஎஃப்பில் நாற்பது பக்கம். மாலைக்குள் அதைப்பற்றி ஃபேஸ்புக்கில் பதிவு. காலையில் படித்த சொற்களே மாலைப் பதிவில் கரையாமல் மிதக்கின்றன. பலருடைய நடை இன்று ஒரே சாயலில் இருப்பதற்கு இது முக்கியக் காரணம். எல்லோரும் ஒரே வாரத்தில் ஒரே நூலைப் படித்து, ஊறவிடாமல் எழுதிவிடுகிறார்கள். கி.ரா.வின் வாக்கியத்தை ஜெயகாந்தனுடையது என்று யாரும் மயங்கியதில்லை. அவரவர் படித்ததும் கேட்டதும் வேறு; அவை உள்ளே கிடந்த காலமும் நீண்டது.

அதற்காகப் பழைய பஞ்சத்துக்குத் திரும்ப வேண்டியதில்லை. இன்றைய வளம் இருக்கட்டும், அன்றைய தாமதத்தை மட்டும் நாமாகவே விதித்துக்கொள்ளலாம். எழுத வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பிடித்த நூலைப்பற்றிப் படித்த அன்றே எழுதாதீர்கள். சில மாதம் கழித்து மறுபடி படியுங்கள். அப்போதும் சொல்ல ஏதாவது இருந்தால் அதுதான் உங்களுடையது, அதை எழுதுங்கள்.