கட்டிக்குள் இருக்கும் காவலரை மீட்கும் நானோ துகள்

புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள ஜிப்மருக்குக் கடலூர், விழுப்புரம் பக்கத்திலிருந்தெல்லாம் புற்றுநோயாளிகள் வருகிறார்கள். கீமோ ஏற்றினால் பலருக்கு முடி கொட்டுகிறது, வாய் புண்ணாகிறது. ஏன்? வேகமாகப் பெருகும் நல்ல செல்களையும் அந்த மருந்து தாக்கிவிடுகிறது.

நம் நோய் எதிர்ப்புச் செல்களையே போராட வைக்க முடியாதா? கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்கள் கட்டிக்குள்ளும் ஏராளம். ஆனால் கட்டி சுரக்கும் வேதிப்பொருள்கள் அவற்றின் குணத்தை மாற்றி, கட்டிக்கே ரத்தக்குழாய் வளர்க்கும் கையாளாக்கிவிடுகின்றன.

எப்படி மீட்பது? அந்நியத் துகளைக் கண்டால் விழுங்குவது மேக்ரோஃபேஜின் இயல்பு. தலைமுடித் தடிமனில் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்கே உள்ள நானோ துகளில் மருந்தை ஏற்றி அனுப்பினால், மேக்ரோஃபேஜே அதை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

2016இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ரத்தசோகைக்குத் தரப்படும் ஃபெருமாக்சிடால் என்ற இரும்பு ஆக்சைடு நானோ மருந்தை எலிகளில் சோதித்தார்கள். மேக்ரோஃபேஜ்கள் மீண்டும் கட்டியை எதிர்த்தன. மார்பகக் கட்டியின் வளர்ச்சி குறைந்தது.

தடை ஒன்று உண்டு. கல்லீரலில் உள்ள மேக்ரோஃபேஜ்கள் பெரும்பாலான துகள்களை வழியிலேயே பிடித்துவிடும். அதனால் கட்டியிலுள்ள செல்களை அடையாளம் கண்டு ஒட்டும் மூலக்கூறுகளைத் துகளின் மேல் பூசிப் பார்க்கிறார்கள்.

இந்த நானோ சிகிச்சை முறைகள் பெரும்பாலும் ஆய்வு நிலையில்தான் உள்ளன. இவற்றை நம்பி, இன்று எடுக்கும் சிகிச்சையை யாரும் பாதியில் நிறுத்தக் கூடாது.